நீதியும் வீடும்: ஜே.பி. ஜெயரத்தினத்தின் அரசியல் வாழ்வு – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிங்கப்பூரின் அரசியல் வரலாற்றில் எதிர்க்கட்சி அரசியலைப் பற்றி எழுத முற்படும் எவரும் ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் (1926–2008) என்னும் பெயரைக் கடந்து செல்ல இயலாது. அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இரண்டு வகையின. ஒருவகை அவரை விடாப்பிடியான போராளியாகப் போற்றுகிறது. மற்றொருவகை அவரை நடைமுறைக்கு ஒவ்வாத வாதங்களை முன்வைத்தவராக ஒதுக்குகிறது. இவ்விரு நோக்குகளிலும் அவர் எவற்றை வலியுறுத்தினார் என்பது பின்னுக்குத் தள்ளப்பட்டு, அவருக்கு நேர்ந்தவை மட்டுமே முன்னிலை பெறுகின்றன.

இக்கட்டுரை அவருடைய அரசியல் வாழ்வை நீதி, வீடமைப்பு ஆகிய இரு பொருள்களின் வழியாக அணுகுகிறது. ஜெயரத்தினத்தின் பெயர் நீதித்துறையோடு இணைத்துப் பேசப்படுவது இயல்பு. ஆயின் அவரை நாடாளுமன்றத்திற்கு அனுப்பிய காரணங்களுள் முதன்மையானது வீட்டுச் சிக்கலாகும். இவ்விரண்டும் தனித்தனிப் பொருள்களா, ஒரே வினாவின் இரு வடிவங்களா என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

வாழ்க்கைப் பின்னணி

ஜெயரத்தினம் 1926ஆம் ஆண்டு சனவரி 5ஆம் நாள் யாழ்ப்பாணத்தில், மலாயாவில் வாழ்ந்துவந்த தமிழ்க் கிறித்துவக் குடும்பமொன்றில் பிறந்தார். அவருடைய இளமைக்காலம் ஜொகூர் மாநிலத்தில் கழிந்தது. மூவார், ஜொகூர் பாரு ஆகிய ஊர்களில் பயின்ற அவர், பின்னர் சிங்கப்பூரின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் பள்ளியில் சேர்ந்தார். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சட்டம் பயின்று 1951இல் வழக்குரைஞர் தகுதி பெற்றார்.

1952இல் அவர் சிங்கப்பூர்ச் சட்டச் சேவையில் இணைந்தார். அரசு வழக்குரைஞர், நடுவர், மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தபின் 1963இல் பதவி விலகித் தனியே வழக்காடத் தொடங்கினார். இப்பின்னணி கவனிக்கத்தக்கது. நீதித்துறையைப் பற்றி அவர் பிற்காலத்தில் பேசியவை வெளியிலிருந்து நோக்கியவரின் கருத்துகள் ஆகா. ஏறத்தாழப் பதினோர் ஆண்டுகள் அத்துறையின் உள்ளமைப்பில் பணியாற்றியவரின் கருத்துகள் அவை.

1971இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் பொறுப்பை அவர் ஏற்றார். சிங்கப்பூரின் முதல் முதலமைச்சரும் புகழ்பெற்ற வழக்குரைஞருமான டேவிட் மார்ஷல் 1957இல் தோற்றுவித்த அக்கட்சி, அந்நாளில் பெயரளவிலேயே எஞ்சியிருந்தது. 1972இல் ஃபேரர் பார்க், 1976இல் கம்போங் சாய் சீ, 1977 இடைத்தேர்தலில் ராடின் மாஸ், 1979 இடைத்தேர்தலிலும் 1980 பொதுத்தேர்தலிலும் தெலுக் பிளாங்கா எனத் தொடர்ந்து ஐந்து முறை போட்டியிட்டு ஐந்து முறையும் அவர் தோற்றார். எனினும் 1980இல் அவர் பெற்ற வாக்கு ஏறத்தாழ 47 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

வீடமைப்பின் பின்புலம்

ஜெயரத்தினத்தின் நிலைப்பாட்டை விளங்கிக்கொள்ள, அக்காலச் சிங்கப்பூரில் வீடமைப்பு பெற்றிருந்த இடத்தை அறிதல் வேண்டும். வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தொடங்கப்பட்டது. அதன் முதல் தலைவர் லிம் கிம் சான். 1961 மே 25இல் புக்கிட் ஹோ சுவீயில் மூண்ட பெருந்தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவராக்கியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ஐம்பதாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகள் கட்டி முடிக்கப்பட்டன. 1964இல் வீட்டு உரிமைத் திட்டம் அறிமுகமானது. 1968 முதல் மத்திய சேமநிதியைக் கொண்டு வீட்டுக்குப் பணம் செலுத்த வழி செய்யப்பட்டது. 1960இல் மக்கள்தொகையில் பத்திலொரு பங்கிற்கும் குறைவானோரே பொது வீடுகளில் வாழ்ந்தனர். 1980களின் நடுப்பகுதியில் அவ்வளவு 80 விழுக்காட்டைத் தாண்டியது. இது ஆசிய நாடுகளில் ஒப்புவமை காண்பதற்கு அரிய சாதனை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை.

இச்சாதனைக்கு அடித்தளமாக அமைந்தது 1966ஆம் ஆண்டு நிலக் கையகப்படுத்தும் சட்டம். பொதுநோக்கிற்காக நிலத்தை எடுத்துக்கொள்ளும் விரிந்த அதிகாரத்தை அது அரசுக்கு அளித்தது. 1973இல் செய்யப்பட்ட திருத்தம், இழப்பீட்டிற்கு அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் நிலவிய விலையை உச்சவரம்பாக்கியது. அவ்வரம்பு நாள் 1986, 1992, 1995 என்று படிப்படியாக முன்நகர்த்தப்பட்டது. முழுச் சந்தை விலையில் இழப்பீடு வழங்கும் முறை 2007இல்தான் நடைமுறைக்கு வந்தது. 1960இல் ஏறத்தாழ 44 விழுக்காடாக இருந்த அரசு நிலவுடைமை, 1985இல் ஏறத்தாழ 76 விழுக்காடானது.

இவற்றிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. சிங்கப்பூரில் வீடு என்பது வெறும் வாழிடமாக மட்டும் இருக்கவில்லை. குடிமகனும் அரசும் நாள்தோறும் நேருக்கு நேர் சந்திக்கும் இடமாகவும் அது ஆயிற்று. நிலத்தை எடுப்பதும், வீட்டைக் கட்டுவதும், விலையை வகுப்பதும், யாருக்கு முன்னுரிமை என்று தீர்மானிப்பதும் அரசு அமைப்புகளே. அத்தகைய சூழலில் வீட்டைப் பற்றிய குறை எதுவும் நிருவாக அதிகாரத்தைப் பற்றிய குறையாகவே உருப்பெறும்.

ஆன்சன் இடைத்தேர்தல், 1981

ஆன்சன் தொகுதி தஞ்சோங் பகார் துறைமுகத்தை ஒட்டி அமைந்திருந்தது. தமிழரும் மலையாளிகளும் உள்ளிட்ட இந்தியத் தொழிலாளர்கள் தலைமுறைகளாகக் கப்பல் துறையில் உழைத்த வட்டாரம் அது. 1961 இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷல் 546 வாக்கு வேறுபாட்டில் வென்றதும் இத்தொகுதியில்தான். 1979 முதல் அதன் உறுப்பினராக இருந்த சி.வி. தேவன் நாயர், 1981இல் நாட்டின் அதிபராகும் பொருட்டுப் பதவி விலகியதால் இடைத்தேர்தல் தேவைப்பட்டது.

அப்போது பிளேர் பிளேன் பகுதியில் துறைமுக ஆணையத்திற்குச் சொந்தமான அடுக்குமாடி வீடுகளில் குடியிருந்த குடும்பங்கள், கொள்கலன் முனைய விரிவாக்கத்திற்காக வீடுகளைக் காலி செய்ய வேண்டிய நிலைக்கு உள்ளாயின. அவர்களுக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளைப் பெறுவதில் முன்னுரிமை அளிக்கப்படவில்லை. அவ்வாண்டில் கழக வீடுகளின் விலையும் பேருந்துக் கட்டணமும் உயர்ந்திருந்தமை தொகுதி மக்களின் மனக்குறையை மிகுவித்தது. மக்கள் செயல் கட்சி நிறுத்திய வேட்பாளர் பாங் கிம் ஹின், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் முதல் தலைவரான லிம் கிம் சானின் உறவினர் என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

அக்டோபர் 31ஆம் நாள் நடைபெற்ற வாக்கெடுப்பில் ஜெயரத்தினம் 7,012 வாக்குகளையும் பாங் கிம் ஹின் 6,359 வாக்குகளையும் பெற்றனர். வேறுபாடு 653. 1968 தொடங்கி நான்கு பொதுத்தேர்தல்களில் எல்லா இடங்களையும் ஆளுங்கட்சியே கைப்பற்றியிருந்த நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் நுழைந்தார்.

பிளேர் பிளேன் சிக்கலின் தன்மையை இங்குச் சற்று நுணுகி நோக்குதல் தகும். அக்குடும்பங்கள் சட்டத்தின் கண்ணில் குடியிருப்போர் மட்டுமே, உரிமையாளர் அல்லர். துறைமுக விரிவாக்கத்தின் பொருளியல் தேவையும் மறுக்கத்தக்கதன்று. அவ்வாறாயின் அவர்களுடைய குறை எத்தகையது? இடம்பெயர வேண்டியிருந்தது மட்டுமே அதன் உள்ளடக்கம் ஆகாது. ஓர் அரசு அமைப்பு வெளியேற்றும்போது மற்றோர் அரசு அமைப்பு மாற்றிடம் தருவதில் முன்னுரிமை வழங்காமையே அதன் மையம். சட்டவியலார் இயற்கை நீதி என்று வழங்கும் கோட்பாட்டின் சாயல் இதில் உள்ளது. ஒருவருடைய வாழ்வைப் பாதிக்கும் முடிவை எடுப்போர், அவர் சொல்வதைக் கேட்கவும் நியாயமான வழியைக் காட்டவும் கடமைப்பட்டவர் என்பதே அக்கோட்பாட்டின் சாரம்.

மலேசியத் தமிழ் வாசகர்க்கு இது அயலான செய்தியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்திலும், பின்னர் அவை வீடமைப்பு நிலங்களாக மாற்றப்பட்ட காலத்திலும், வேலையோடு வீட்டையும் இழந்த தொழிலாளர் குடும்பங்கள் எழுப்பியதும் இதே வினாவே. உரிமைப் பத்திரம் இல்லாதவனுக்கு வீட்டின்மீது எவ்வித உரிமையும் இல்லையா என்பது இரு நாடுகளுக்கும் பொதுவான வினாவாகும்.

நீதித்துறை பற்றிய நிலைப்பாடு

நாடாளுமன்றத்தில் ஜெயரத்தினம் வலியுறுத்தியவற்றுள் இரண்டு கருத்துகள் இங்குக் குறிப்பிடத்தக்கன. முதலாவது, விசாரணையின்றித் தடுத்துவைக்க இடமளிக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது. இரண்டாவது, கீழ் நீதிமன்றங்களின் நீதிபதிகள் நிருவாகத் துறையின் செல்வாக்கிற்கு அப்பாற்பட்டவராக இருத்தல் வேண்டும் என்பது.

இரண்டாவது கருத்து சிங்கப்பூரின் அமைப்புமுறையை ஒட்டி எழுந்தது. உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு அரசமைப்புச் சட்டம் பதவிப் பாதுகாப்பு அளித்தது. மாவட்ட நீதிபதிகளோ அந்நாளில் சட்டச் சேவையின் உறுப்பினராக இருந்தனர்; ஆதலின் அவர்களை நீதிமன்றத்திலிருந்து அரசுத் தலைமை வழக்குரைஞர் அலுவலகத்திற்கும், அங்கிருந்து மீண்டும் நீதிமன்றத்திற்கும் இடமாற்ற இயன்றது. 1984இல் ஜெயரத்தினத்தின் வழக்கொன்றைக் கேட்டு, அவரைப் பெரும்பாலான குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த மூத்த மாவட்ட நீதிபதி, அதே ஆண்டில் அவ்வலுவலகத்திற்கு மாற்றப்பட்டார். இதைச் சுட்டி, நிருவாகத்தின் தலையீடு உண்டென்று ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் குற்றஞ்சாட்டினார். 1986இல் அமைக்கப்பட்ட விசாரணை ஆணையம், தலையீடு நிகழ்ந்ததற்குச் சான்றில்லை என்று முடிவு கூறியது.

ஆணையத்தின் முடிவை ஏற்பினும், அமைப்புமுறை பற்றிய வினா எஞ்சியே நிற்கிறது. குறிப்பிட்ட ஓர் இடமாற்றத்தின் நோக்கம் எதுவாக இருந்தது என்பது ஒரு கேள்வி. அத்தகைய ஐயம் எழவே இடமில்லாதவாறு அமைப்பை வகுத்தல் வேண்டுமா என்பது மற்றொரு கேள்வி. ஜெயரத்தினம் இரண்டையும் ஒருசேர எழுப்பினார். முதற்கேள்விக்கு அவரால் சான்று காட்ட இயலாமற்போனதே இரண்டாம் கேள்வியையும் நலிவுறச் செய்தது எனலாம். இது அவருடைய அரசியல் முறையின் குறைபாடாகவே கருதத்தக்கது.

வழக்குகளும் பிரிவி கவுன்சில் தீர்ப்பும்

1984 பொதுத்தேர்தலில் ஆன்சன் மக்கள் ஏறத்தாழ 57 விழுக்காட்டு வாக்குகளால் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர். எனினும் கட்சிக் கணக்குகள் தொடர்பில் பொய்யுறுதி அளித்ததாகத் தொடரப்பட்ட வழக்கு மறுவிசாரணைக்கு உள்ளாகி, 1986 நவம்பரில் ஒரு மாதச் சிறைத் தண்டனையும் 5,000 வெள்ளி அபராதமுமாக முடிந்தது. 2,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம் பெற்ற ஒருவர் ஐந்தாண்டுகள் உறுப்பினராக இருக்கத் தகுதியிழப்பார் என்பது அந்நாளைய அரசமைப்பு விதி. ஆகவே அவர் இருக்கையை இழந்தார். 1987இல் வழக்குரைஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயர் நீக்கப்பட்டது.

பெயர் நீக்கத்தை எதிர்த்து அவர் இலண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்தார். 1988 அக்டோபரில் வழங்கப்பட்ட தீர்ப்பு அவரை மீண்டும் வழக்குரைஞர் பட்டியலில் சேர்த்தது. அவரும் அவருடன் தண்டிக்கப்பட்ட கட்சித் தலைவரும் குற்றம் புரியாதவர் என்றும், தவறான தீர்ப்புகளின் தொடரால் கடும் அநீதிக்கு ஆளாயினர் என்றும் அத்தீர்ப்பு கருத்துரைத்தது. ஆயினும் குற்றவியல் தீர்ப்பை நேரடியாகப் பிரிவி கவுன்சிலுக்குக் கொண்டுசெல்லும் வழி அவருக்குக் கிட்டியிருக்கவில்லை. எனவே அத்தண்டனை நீடித்தது. மன்னிப்பு வேண்டி அவர் செய்த விண்ணப்பமும் 1989இல் ஏற்கப்படவில்லை. அதே ஆண்டில் பிரிவி கவுன்சிலுக்கான மேல்முறையீடுகள் கட்டுப்படுத்தப்பட்டன. 1994இல் அவை முற்றாக நீக்கப்பட்டன. தகுதியிழப்புக் காலம் 1991 நவம்பரில் முடிவதாக இருந்தது. பொதுத்தேர்தல் அவ்வாண்டு ஆகஸ்ட் 31இல் நடந்தேறியது.

இங்கு ஒரு பிற்காலச் செய்தியைச் சுட்டுதல் பொருத்தமாகும். தகுதியிழப்பிற்குரிய அபராத வரம்பு 2022இல் 2,000 வெள்ளியிலிருந்து 10,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. ஜெயரத்தினத்திற்கு விதிக்கப்பட்ட தொகை இன்றைய விதியின்படி இருக்கையைப் பறிக்கப் போதுமானதன்று. சட்டத்தின் ஓர் எண் ஒரு தொகுதியின் தேர்வையே மாற்றியமைத்த வரலாறாக இதனை மாணவர்க்கு எடுத்துரைக்கலாம்.

வீடும் வாக்கும்

ஆன்சன் தேர்தலுக்குப் பிந்திய பத்தாண்டுகளில் நாடாளுமன்ற அமைப்பில் பல மாற்றங்கள் நிகழ்ந்தன. 1984இல் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் முறையும், 1988இல் குழுத்தொகுதி முறையும், 1990இல் நியமன உறுப்பினர் முறையும் அறிமுகமாயின. நம் பொருளுக்கு மிக நெருங்கியது 1988ஆம் ஆண்டு நகர மன்றச் சட்டம். இதன்படிப் பொது வீடமைப்புப் பேட்டைகளின் பராமரிப்புப் பொறுப்பு அவ்வத்தொகுதி உறுப்பினர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்ந்தெடுப்போரும் தேர்ந்தெடுக்கப்படுவோரும் பொறுப்புணர்ந்து நடக்க இது துணைபுரியும் என்பது அரசின் விளக்கம். அதே வேளையில் வாக்குக்கும் வீட்டுக்கும் இடையிலான தொடர்பு இதனால் வெளிப்படையாயிற்று.

1997 பொதுத்தேர்தலில் இத்தொடர்பு உச்சத்தை எட்டியது. பழைய பேட்டைகளை மேம்படுத்தும் பணியில், ஆளுங்கட்சிக்கு மிகுந்த ஆதரவளிக்கும் வட்டாரங்கள் முன்னுரிமை பெறும் என்று அறிவிக்கப்பட்டது. அத்தேர்தலில் ஜெயரத்தினம் இடம்பெற்ற பாட்டாளிக் கட்சி அணி, செங் சான் குழுத்தொகுதியில் 45 விழுக்காட்டிற்குச் சற்று மேற்பட்ட வாக்குகளைப் பெற்றுத் தோற்றது. எனினும் தோற்ற எதிர்க்கட்சியினருள் அதிக விழுக்காடு பெற்ற நிலையில் தொகுதியில்லா உறுப்பினராக அவர் மீண்டும் நாடாளுமன்றம் புகுந்தார்.

1981இல் பிளேர் பிளேன் மக்களின் சிக்கலும் முன்னுரிமை பற்றியதே. 1997இல் எழுந்த விவாதமும் முன்னுரிமை பற்றியதே. பொதுப்பணத்தால் உருவாகும் நன்மையை எந்த அடிப்படையில் பகிர்வது என்பதே இரண்டிலும் உள்ள வினா. 1999இல் ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் சட்டத்தின் ஆட்சி குறித்துத் தீர்மானமொன்றை முன்மொழிந்தார். அமைச்சரும் அலுவலரும் பொது ஊழியரும் அதற்கு முழுமையாகக் கட்டுப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. வீட்டைப் பற்றிய வினாவும் நீதியைப் பற்றிய வினாவும் இத்தீர்மானத்தில் ஒன்றுபடுகின்றன என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

தமிழ் மொழி வாரமும் ஒரு வழக்கும்

ஜெயரத்தினத்தின் நாடாளுமன்ற வாழ்வை முடிவுக்குக் கொண்டுவந்த வழக்கு தமிழோடு தொடர்புடையது என்பது தமிழாய்வாளரால் போதிய அளவு கவனிக்கப்படவில்லை. பாட்டாளிக் கட்சியின் ‘தி ஹேமர்’ இதழில் 1995இல் வெளிவந்த தமிழ்க் கட்டுரையொன்று தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களைக் குறைகூறியது. தங்கள் நற்பெயருக்கு அது களங்கம் விளைவித்ததாக அவர்கள் தொடுத்த வழக்கில் கட்சியும், இதழின் பொறுப்பாளர் என்ற முறையில் ஜெயரத்தினமும் இழப்பீடு செலுத்தும் நிலைக்கு ஆளாயினர். தவணை செலுத்துவதில் ஏற்பட்ட தாமதத்தைத் தொடர்ந்து 2001இல் அவர் நொடித்தவராக அறிவிக்கப்பட்டு, உறுப்பினர் இருக்கையை இரண்டாம் முறையாக இழந்தார்.

மொழிப்பணியில் ஈடுபட்டோருக்கும் தம் பெயரைக் காத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அதை மறுத்தல் நேர்மையாகாது. ஆனால் சிறுபான்மை மொழியொன்றின் பொதுவெளி மிகக் குறுகியது. அங்கே எழும் கருத்து வேறுபாடு விவாதத்தில் தீராமல் நீதிமன்றத்தில் தீர்வதாயின், அடுத்து எழுத வருவோர் தயங்குவர். ஒரு மொழியைப் போற்றும் விழாவே அம்மொழியில் எழுதப்பட்ட விமர்சனத்தின் வாயிலாக வழக்கிற்குக் களமானமை, தமிழ் ஆசிரியரும் எழுத்தாளரும் எண்ணிப்பார்க்க வேண்டிய ஒன்றாகும்.

முடிவுரை

2001இல் பாட்டாளிக் கட்சியின் தலைமை லோ தியா கியாங்கிடம் சென்றது. ஜெயரத்தினம் அக்கட்சியிலிருந்து விலகினார். 2007இல் நொடிப்பு நிலையிலிருந்து விடுபட்டு, 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தோற்றுவித்த அவர், அவ்வாண்டு செப்டம்பர் 30ஆம் நாள் தம் 82ஆம் அகவையில் காலமானார். அவர் வென்ற ஆன்சன் தொகுதி 1988 தேர்தலின்போதே வரைபடத்திலிருந்து மறைந்திருந்தது.

அவர் நிறைவேற்றிய சட்டம் ஒன்றுமில்லை. கட்டிய வீடும் ஒன்றுமில்லை. வீடமைப்பைப் பொறுத்தவரை அவர் எதிர்த்துநின்ற அரசின் சாதனை கண்கூடானது. அவர் விட்டுச்சென்றது வேறுவகையினது. அரசு தரும் நன்மை எத்துணைப் பெரிதாயினும், அதைத் தரும் முறைக்குக் காரணம் கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்பதை அவர் தம் வாழ்வால் வலியுறுத்தினார். வீட்டை அருளாகக் கருதும் சமூகத்தில் அதை இழப்பவன் முறையிடுவதற்கு இடமின்றி நிற்பான். உரிமையாகக் கருதும் சமூகத்திலோ அவனுக்கு விடை கூறும் கடமை பிறருக்கு உண்டாகும். பிளேர் பிளேன் மக்கள் 1981இல் தங்கள் வாக்கால் வேண்டியது அந்த விடையையே எனக் கொள்ளலாம். ஜெயரத்தினத்தின் வரலாற்றை மதிப்பிடுவோர் அவருடைய வெற்றி தோல்விகளோடு இவ்வினாவையும் சேர்த்து எடைபோடுதல் வேண்டும்.